சொல்தா வீடு எது?

புதுச்சேரியின் பழைய தெருக்களில் யாரிடமாவது முகவரி விசாரித்தால், வயதானவர்கள் கதவு எண்ணைச் சொல்வது குறைவு. "கோயிலைத் தாண்டினா ஒரு சொல்தா வீடு வரும், அதுக்கு எதிர் வீடு" என்பார்கள். கடலூரிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ வருகிறவருக்கு முதல் முறை இது புரியாது. சொல்தா என்பது ஆளின் பெயரா, கடையின் பெயரா, ஏதாவது சாதிப் பெயரா என்று விழிப்பார்.

எதுவும் இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, பிரான்ஸ் அரசிடம் பென்ஷன் வாங்குகிறவர் சொல்தா. அவர் போய்ச் சேர்ந்து, வீட்டில் மனைவி மட்டும் இருந்தாலும் அது சொல்தா வீடுதான். மகன் பாரிஸில் குடியேறி, வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாலும் தெருவுக்கு அது சொல்தா வீடுதான். காரைக்காலிலும் இதே கதை.

பிரெஞ்சில் போர்வீரனுக்குச் சொல்லும் வார்த்தைதான் இது. எழுதும்போது கடைசியில் 'த்' ஓசைக்கு ஓர் எழுத்து உண்டு. பேசும்போது பிரெஞ்சுக்காரர்கள் அதை விழுங்கிவிடுவார்கள். புதுச்சேரித் தமிழும் அப்படியே விழுங்கிக்கொண்டது. காகிதத்தைப் பார்த்துக் கற்றிருந்தால் 'சொல்தாத்' என்று வந்திருக்கும். 'சொல்தா' என்று நிற்பதால், இது காதில் விழுந்து வாயில் ஏறிய வார்த்தை என்று தெரிகிறது. முசியே, மதாம், லிசே, மேரி எல்லாம் இந்த ஊர்ப் பேச்சுக்குள் வந்த வழியும் அதுதான்.

எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அதே ஆள் 'மிலிட்டரிக்காரர்' ஆகிவிடுவார். இன்னும் பழைய ஆட்கள் 'பட்டாளத்தார்' என்பார்கள். மிலிட்டரியும் ஐரோப்பிய வார்த்தை, பட்டாளமும் ஐரோப்பிய வார்த்தைதான். ஆனால் சொல்தா மட்டும் வேறு மாதிரி. மிலிட்டரிக்காரர் என்றதும் மீசை, துப்பாக்கி, எல்லை எல்லாம் கண்ணில் வரும். சொல்தா என்றதும் புதுச்சேரிக்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது பணம். மாதம் பிறந்தால் பிரான்ஸிலிருந்து வருகிற பணம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வார்த்தை பிறந்ததே பணத்திலிருந்துதான்.

கெட்டிக் காசு

ரோமப் பேரரசின் நாணயங்கள் ஒரு கட்டத்தில் செல்லாக் காசு நிலைக்கு வந்துவிட்டன. வெள்ளியில் செம்பைக் கலந்து கலந்து, கடைசியில் வெள்ளி பேருக்குத்தான் இருந்தது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் புதிதாக ஒரு தங்கக் காசு அடித்தார். ஒரு ரோம ராத்தல் தங்கத்துக்கு 72 காசு என்று கணக்கு. ஒன்று சுமார் நாலரை கிராம். நம் கணக்கில் அரைச் சவரனுக்குக் கொஞ்சம் மேல். அதற்கு 'சொலிதுஸ்' என்று பெயர். லத்தீனில் அந்த வார்த்தைக்குக் கெட்டியானது, உறுதியானது, கலப்பில்லாதது என்று பொருள். நம் ஊரில் ஒருவர் 'கெட்டிக் காசு' என்று பெயர் வைத்தது மாதிரி.

பெயருக்கு ஏற்ற மாதிரியே அது நடந்தது. ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் அதன் தங்கத்தில் பெரிய மோசம் நடக்கவில்லை. அந்தக் காசுகள் தென்னிந்தியாவிலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. புதுச்சேரிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் அரிக்கமேடு, அதற்கும் முந்தைய காலத்திலேயே ரோம வணிகத்தைப் பார்த்த இடம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது கிடைத்த இத்தாலிய மட்பாண்டத் துண்டுகள்தான் அந்த ஊரை உலகம் அறியச் செய்தன.

கெட்டிக் காசில் கூலி கொடுத்துப் படைக்கு ஆள் சேர்த்தார்கள். இத்தாலியில் அந்தக் காசு 'சொல்தோ' ஆனது. காசு வாங்கிச் சேர்ந்த ஆள் 'சொல்தாதோ', அதாவது 'காசு கொடுக்கப்பட்டவன்'. அது பிரான்ஸுக்குப் போய் 'சொல்தா' ஆனது. ஆங்கிலத்தின் 'சோல்ஜர்' இன்னும் பழைய பிரெஞ்சு வழியில் போனது. அதற்கும் வேர் இதே காசுதான்.

ஒரு காசிலிருந்து பல பிள்ளைகள் பிறந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குணம். இத்தாலியில் இன்றைக்கும் 'சோல்தி' என்றால் பணம்; கடைத்தெருவில் தினமும் புழங்குகிற வார்த்தை. ஸ்பெயினில் 'சுவெல்தோ' என்றால் மாதச் சம்பளம். ஆசிரியரும் வாங்குவார், வங்கி ஊழியரும் வாங்குவார், அதில் ராணுவ வாசனையே இல்லை. போர்ச்சுகலில் 'சோல்தோ' என்றால் ராணுவச் சம்பளம் மட்டும்.

ஜெர்மனியில்தான் விஷயம் சிக்கலாகிறது. அங்கே 'ஸோல்ட்' என்றால் படைச் சம்பளம். 'ஸோல்டாட்' என்றால் நாட்டின் போர்வீரன், மரியாதைக்குரியவன். 'ஸ்யோல்ட்னர்' என்றால் கூலிக்குப் போர் செய்கிறவன்; யார் காசு கொடுத்தாலும் அவன் பக்கம் நிற்பவன். ஒரே காசிலிருந்து ஒரு மரியாதையும் ஒரு வசையும். பக்கத்து நாடான போலந்துக்கு இந்தச் சொற்கள் ஜெர்மனி வழியாகப் போயின. போனபோது நிலைமை தலைகீழ். ஜெர்மனியில் வசையாக இருக்கும் சொல்லிலிருந்துதான் போலந்து தன் சாதாரணப் போர்வீரனுக்குப் பெயர் எடுத்துக்கொண்டது: 'ஜோவ்னியேஷ்'. அங்கே அது கௌரவமான சொல். வார்த்தைகள் எல்லையைத் தாண்டும்போது சுங்கச் சாவடியில் மானம் மரியாதை எல்லாம் சோதனைக்கு உள்ளாகும் போலிருக்கிறது.

பிரெஞ்சில் 'சொல்த்' என்று ஒரு வார்த்தை. அதைப் பெண்பாலாகச் சொன்னால் ராணுவச் சம்பளம். ஆண்பாலாகச் சொன்னால் கணக்கில் மீதி, வங்கியில் பாக்கித் தொகை. பன்மையில் சொன்னால் தள்ளுபடி விற்பனை. சில்லறைக் காசுக்கு 'சூ' என்று பெயர். அதுவும் சொலிதுஸ் தேய்ந்து வந்ததுதான். கையில் ஒரு சூ இல்லை என்றால் நாம் காலணா இல்லை என்பது மாதிரி. அந்தச் 'சூ' பிரெஞ்சுக்காரர்களோடு கப்பலேறி வியட்நாமுக்குப் போய், அங்கே சில்லறைக் காசின் பெயரானது.

ஆங்கிலேயர்கள் அந்தக் காசின் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் என்ற கணக்கில் ஷில்லிங்குக்கு அடையாளமாக அவர்கள் போட்ட எழுத்து, ஷில்லிங்கைக் குறிப்பதல்ல, சொலிதுஸைக் குறிப்பது. 1971 பிப்ரவரி 15 வரை அந்தக் கணக்கு நடந்தது. ஷில்லிங்கைப் பிரித்துக் காட்டப் போட்ட சாய்கோட்டுக்கு அச்சுத் தொழிலில் இன்றும் 'சாலிடஸ்' என்ற பெயர் உண்டு. மளிகைக் கடை பில்லிலும் காசோலையிலும் '500/-' என்று எழுதுகிறோமே, அந்தச் சாய்கோடு அந்த ஷில்லிங் கணக்கின் மிச்சம். செல்போன் ரிப்பேர் கடையில் புகை கிளப்பும் சால்டரிங் கம்பிக்கும் இதே வேர்: உறுதியாக ஒட்ட வைப்பது.

மூன்று துறைமுகங்கள், மூன்று வார்த்தைகள்

போர்வீரனைக் குறிக்கும் வார்த்தை ஐரோப்பியக் கப்பல்களில் ஆசியாவுக்கும் வந்தது. எந்தக் கொடி கட்டிய கப்பல் எந்தக் கரையில் இறங்கியது என்பதை அந்த வார்த்தையை வைத்தே சொல்லிவிடலாம்.

இலங்கையில் போர்ச்சுகீசியர் இறங்கினார்கள். சிங்களத்தில் போர்வீரன் 'சொல்தாதுவா' ஆனான். போர்ச்சுகீசிய 'சொல்தாது'வின் வால்கூட அறுபடாமல் இருக்கிறது. மலாய் மொழி அதையே 'செர்தாது' என்று எடுத்துக்கொண்டது. சென்னையில் ஆங்கிலேயர் இறங்கினார்கள், 'சோல்ஜர்' வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், 'சொல்தா'. எல்லாம் ஒரே காசுக்குப் பிறந்த பங்காளிகள்.

ஆனால் ஆரம்பத்தில் தமிழனுக்கு இந்தப் பட்டம் கிடையாது. துய்ப்ளெக்ஸ் காலத்தில் ஐரோப்பியப் படையாள் என்றால் சொல்தா; உள்ளூரில் சேர்த்த படையாள் என்றால் சிப்பாய். பாரசீகத்திலிருந்து இந்தியா வந்த அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியிலும் எழுதிக்கொண்டார்கள். கையில் ஒரே மாதிரித் துப்பாக்கி, ஒரே எதிரி. ஆனால் பெயரும் வேறு, சம்பளமும் வேறு. தமிழர் பெயருக்கு முன்னால் 'சொல்தா' வந்து சேர, நீண்ட காலம் பிடித்தது.

இதில் இன்னொரு கொடுக்கல் வாங்கலும் நடந்திருக்கிறது. 1736இல் ஆற்காட்டு நவாபிடம் அனுமதி வாங்கி, புதுச்சேரியில் ரூபாய் அடிக்கத் தொடங்கியது பிரெஞ்சுக் கம்பெனி. சின்னக் காசுகளுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்துக்கொண்ட பெயர்களைக் கேளுங்கள்: 'ஃபனோன்', 'துது', 'காஷ்'. பணம், துட்டு, காசு! போர்வீரனுக்கு ஒரு காசின் பெயரை நமக்குத் தந்தவர்கள், காசுக்குப் பெயரை நம்மிடம் வாங்கிக்கொண்டார்கள். பிரெஞ்சிந்தியாவில் ஒரு ரூபாய்க்கு எட்டு ஃபனோன் என்று வெகுகாலம் கணக்கு நடந்தது.

காசு இல்லாவிட்டால் சொல்தா இல்லை என்பதைப் புதுச்சேரி ஒரு முறை கண்கூடாகப் பார்த்தது. லாலி பிரபு தலைமையில் ஆங்கிலேயரோடு போர் நடந்த நேரம். கஜானா காலி. மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. 1759இல் பிரெஞ்சு வீரர்களே கலகம் செய்து, பாக்கியைக் கொடுத்தால்தான் ஆச்சு என்று நின்றார்கள். ஏதோ கொடுத்துச் சமாளித்தார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி; அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. வெற்றி பெற்ற ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தள்ளினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துத் தள்ளும் மஞ்சள் சுவர்த் தெருக்கள் அதற்குப் பிறகு எழுந்தவைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்ற கணக்கில் வந்தார்கள், ஓட்டு வந்தது. 1881 செப்டம்பர் சட்டத்தின்படி, தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் சூடிக்கொண்டார்கள். அவர்களை ஊர் 'ரெனோன்சான்' என்று சொன்னது. அப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து சைகோனுக்கு ஆள் போனது: வரி வசூல், காவல், எழுத்தர் வேலை. பிறகு ராணுவமும். முதல் உலகப் போரில் பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய்த் திரும்பாதவர்களுக்குக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1938இல் திறந்தார்கள். மாலையில் சுண்டலோடு நடப்பவர்கள் அதன் கம்பி வேலியோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

15 வருஷக் கணக்கு

இப்போது தெருவில் 'சொல்தா வீடு' என்று சொல்கிறார்களே, அந்த வீடுகள் பெரும்பாலும் அடுத்த தலைமுறையுடையவை. இரண்டாம் உலகப் போர், 1946 முதல் 1954 வரை இந்தோசீனப் போர், 1954 முதல் 1962 வரை அல்ஜீரியப் போர். இந்த மூன்றில் ஒன்றிலாவது நின்றவர்கள், அல்லது அதற்குப் பின் சேர்ந்தவர்கள்.

படையில் சேர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் எளிமையானது. பிரெஞ்சு ராணுவத்தில் சாதாரண வீரராக 15 ஆண்டு முடித்தால் பென்ஷன். இருபது வயதில் சேர்ந்த பையன் முப்பத்தைந்தில் வீடு திரும்பலாம். சாகும்வரை மாதப் பணம். நிலமில்லாத வீட்டுக்கு, அடுத்தடுத்துத் தங்கைகள் இருக்கும் வீட்டுக்கு, இதைவிட என்ன வேண்டும்? 'பென்ஷன்' என்ற வார்த்தையும் லத்தீன்தான்: தராசில் நிறுத்துக் கொடுப்பது என்ற பொருளிலிருந்து வந்தது.

ஆனால் அந்தப் பதினைந்து வருஷம் எங்கே கழிந்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை. வியட்நாமின் நெல் வயல்களில், தங்களைப் போலவே காலனி ஆட்சியில் பிறந்த விவசாயிகளுக்கு எதிராக. அல்ஜீரியாவின் மலைகளில், தங்கள் நாடு தங்களுக்கு வேண்டும் என்று கேட்டவர்களுக்கு எதிராக. அதே நேரத்தில் புதுச்சேரியிலேயே பிரெஞ்சு ஆட்சி போக வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கை மாறியது. அண்ணன் அங்கே பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே, தம்பி இங்கே அதை இறக்கும் கூட்டத்தில். ஒரே வீட்டுக்குள் இப்படி இருந்திருக்கக் கூடியதுதான்.

ஜெர்மன்காரர் இங்கே வந்திருந்தால் கேட்டிருப்பார்: இவர் ஸோல்டாட்டா, ஸ்யோல்ட்னரா? நாட்டுக்காகச் சண்டை போட்டவரா, கூலிக்காகவா?

தமிழில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு. செஞ்சோற்றுக் கடன். கர்ணன் எந்தப் பக்கம் நியாயம் என்று தெரியாமல் துரியோதனன் பக்கம் நிற்கவில்லை, தெரிந்துதான் நின்றான். உண்ட சோறு நிறுத்தியது. ஐரோப்பா வீரனைக் காசால் கட்டியது, நாம் சோற்றால் கட்டினோம். ஆங்கிலச் 'சாலரி'க்குள் லத்தீன் உப்பு இருக்கிறது. நம் 'சம்பளத்'துக்குள் சம்பா நெல்லும் அளத்து உப்பும் இருப்பதாகத் தமிழறிஞர்கள் சிலர் விளக்கியிருக்கிறார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதும் அதே கட்டுதான். கட்டு வலுவானது. ஆனால் கர்ணன் கதையைக் கேட்டவர்கள் எவருக்கும், அவன் நின்ற பக்கம் சரியா என்ற உறுத்தல் போவதில்லை. சொல்தா வீட்டுக்குள்ளும் அந்த உறுத்தல் சில சுவர்களில் படம் மாட்டிக்கொண்டு இருந்திருக்கும். தாத்தாக்கள் பலர் சண்டையைப் பற்றிப் பேசுவதில்லை. சைகோன் தெருக்களையும் மார்செய்ல் துறைமுகக் குளிரையும் பற்றி மட்டும் பேசுவார்கள்.

சைகோனிலிருந்து சிலர் மனைவியோடு திரும்பினார்கள். வியட்நாம் பாட்டிமார்கள் சேலை கட்டி, தமிழ் பேசி, மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார்கள். பதிலுக்குப் புதுச்சேரிக்கு 'நெம்' சுருளைக் கற்றுக்கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் நெம் சுடும் வீடுகள் இங்கே உண்டு. தொட்டுக்கொள்ள மீன் சாஸ் கிடைக்காத நாட்களில் என்ன செய்தார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனி ரகசியம்.

ஆறு மாதம்

ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானாலும், சட்டப்படி அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்று முதல் ஆறு மாதம். பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர், பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்பினால் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர் இந்தியக் குடிமகன். அன்றைக்கு இந்தியாவுக்கு வெளியே வசித்தவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் பொதுவாகப் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்ந்தார்கள்.

இதைச் சாதாரணத் தமிழில் சொன்னால்: ஊருக்குத் திரும்பியிருந்த சொல்தா, சாவடியில் உட்கார்ந்து யோசித்து, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். போட்டால் சொந்த ஊரில் அந்நிய நாட்டவர். விசா, பதிவு எல்லாம் உண்டு. போடாவிட்டால் பிள்ளைகளுக்குப் பிரான்ஸ் கதவு அடைபடும். சிலர் யோசித்துப் போட்டார்கள். சிலர் யோசித்துப் போடவில்லை. சுதந்திரம் வந்த பிறகு இது எதற்கு என்றார்கள். சிலர், விஷயம் என்னவென்று தெளிவாகத் தெரிவதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. பங்காளி வீடுகளுக்குள்ளே, அறுபது வருஷம் கழித்தும், 'உங்க தாத்தா மட்டும் அன்னிக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா' என்ற பேச்சு எழுவது இதனால்தான்.

அந்தக் கையெழுத்தின் எடை எவ்வளவு என்பது மற்ற நாடுகளைப் பார்த்தால் தெரியும். 1959 டிசம்பர் 26 தேதியிட்ட சட்டத்தால் பிரான்ஸ், தன்னை விட்டுப் பிரிந்த காலனி நாட்டவரின் ராணுவப் பென்ஷனை அப்படியே உறைய வைத்தது. மொராக்கோ, துனீசியா, பின்னர் செனகல், அல்ஜீரியா வரை பாதிப்பு. விலைவாசி ஏறும், பென்ஷன் ஏறாது. ஒரே பதுங்கு குழியில் நின்ற இரண்டு பேரில், பிரெஞ்சுக் குடிமகனுக்கு முழுப் பணம். மற்றவருக்கு அதில் சின்னப் பங்கு. 2006இல் வட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றிய ஒரு திரைப்படம் பிரான்ஸில் பெரிய அதிர்வை உண்டாக்கிய பிறகு ஒரு பகுதியைச் சரி செய்தார்கள். 2010 மே 28 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் அந்தப் பாகுபாடு செல்லாது என்றது. அதற்குள் எத்தனையோ கிழவர்கள் இறந்து போயிருந்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருந்த புதுச்சேரி சொல்தாவை இந்த உறைபனி தொடவில்லை. அவருடைய காசு, கான்ஸ்டன்டைன் காசு மாதிரி, கெட்டியாகவே இருந்தது.

அதனால்தான் தெருவின் பார்வையில் அவர் தனியாகத் தெரிந்தார். பிராங்கில் வந்த பணம் 2002இலிருந்து யூரோவில் வந்தது. பக்கத்து வீட்டு அரசாங்க குமாஸ்தா ஓய்வு பெற்று எண்ணிச் செலவழிக்கும்போது, சொல்தா வீட்டில் மாடி எழும்பும். மளிகைக் கடையில் அவருக்குக் கணக்கு நோட்டு உண்டு. கல்யாணச் சந்தையில் 'பிரெஞ்சு நேஷனாலிட்டி' என்ற ஒரு வரி, படிப்பையும் நிறத்தையும் ஓரம் தள்ளும். மாப்பிள்ளையைவிட அவருடைய பாஸ்போர்ட்டுக்குப் பெண் கொடுத்தார்கள் என்று ஊர் கேலி பேசும். பேசியவரே அடுத்த முகூர்த்தத்தில் அதே மாதிரி வரன் தேடுவார்.

பணம் சும்மாவும் வருவதில்லை. ஒவ்வொரு ஆண்டும், தான் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். நடக்க முடியாத பெரியவரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போவதும், படுக்கையில் இருப்பவருக்காகப் பேரன் காகிதத்தோடு அலைவதும் சொல்தா வீட்டு வழக்கம். அவர் இறந்த பிறகு மனைவிக்குப் பாதி. தாலி கட்டிய கல்யாணம் சிவில் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சிக்கல். முனியம்மா என்ற பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்தால், எத்தனை விதவைகள் எத்தனை முறை அலைந்திருப்பார்கள் என்பது புரியும்.

நகரத்தில் இவர்களுக்கென்று ஓர் இல்லம் உண்டு: 'ஃபுவாயே து சொல்தா'. முன்னாள் வீரர்கள் கூடும் இடம். ஃபுவாயே என்றால் அடுப்பங்கரை, வீட்டின் கதகதப்பு. அதுவும் லத்தீனில் அடுப்பைக் குறிக்கும் வார்த்தையிலிருந்து வந்தது. சொல்தாவின் அடுப்படி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஜூலை 14, நவம்பர் 11 வந்தால் கடற்கரை நினைவுச் சின்னத்தில் பதக்கங்கள் குத்திய கோட்டுகள் தெரியும். பிரெஞ்சுத் தூதரக அதிகாரி மலர் வளையம் வைப்பார். இரண்டு நாட்டுக் கீதமும் ஒலிக்கும். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் போக்குவரத்தை நிறுத்துவார். இந்தோசீனாவைப் பார்த்தவர்களின் வரிசை ஒவ்வொரு வருஷமும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

புதிய சொல்தாக்கள் இல்லாமல் போகவில்லை. பிரான்ஸில் கட்டாய ராணுவப் பயிற்சி இருந்தவரை, குடியுரிமை உள்ள புதுச்சேரிப் பையன்கள் பதினெட்டு, இருபது வயதில் அதற்காக விமானம் ஏறினார்கள். பலர் அங்கேயே தங்கி வேலை தேடிக்கொண்டார்கள். 1997இல் அந்தக் கட்டாயத்தை நீக்கச் சட்டம் வந்தது. அதன் பிறகும் விரும்பிச் சேர்கிறவர்கள் உண்டு. ஆனால் ஓய்வு பெற்றுத் திரும்பி வந்து, திண்ணையில் உட்கார்ந்து, தெருவுக்கு அடையாளமாக மாறுவது அவர்களுக்கு நடக்குமா என்பது சந்தேகம். அவர்கள் வீடு பாரிஸ் புறநகரில். திண்ணை வைத்த வீடுகளோ ஒவ்வொன்றாக இடிந்து, அடுக்குமாடிகளாகவும் விருந்தினர் விடுதிகளாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. அடுக்குமாடிக்கு வழி கேட்டால் யாரும் சொல்தா வீட்டைச் சொல்வதில்லை. கூகுள் வரைபடத்தை நீட்டுகிறார்கள்.

புதுச்சேரித் தாத்தாவின் பேரப் பிள்ளைகள், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கம் வாழைப்பூவும் முருங்கைக்காயும் வாங்க வருகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு. ஜனவரியிலும் ஜூன் கடைசியிலும் அந்த நகரத்தின் துணிக்கடைக் கண்ணாடிகளில் சிவப்பு எழுத்தில் பெரிதாக ஒரு வார்த்தை ஒட்டியிருக்கும்: 'சொல்த்'. தள்ளுபடி. காலையிலேயே வாசலில் கூட்டம் நிற்கும்.